தையல் அறையின் சிமெண்ட் தரையில் எந்தப் பெயிண்ட் நிற்கும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூரில் வீட்டின் தரைத்தளத்தில் 12க்கு 20 அடி அறை. பத்து வருஷத்துக்கு மேலான சிமெண்ட் தரை. அங்கே நாலு பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறீர்கள். தரையிலிருந்து தூள் கிளம்பி, தைக்கும் பீஸில் படிகிறது. போன வருஷம் அடித்த எனாமல் ஸ்டூல் இழுபடும் இடங்களில் உரிந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டும் அளவுக்கு இப்போது கையில் பணம் இல்லை. நீடித்து நிற்கும் தரை பெயிண்ட் எது?

தரையில் ஓதம், அதாவது அடியிலிருந்து ஏறும் ஈரம், இல்லை என்றால், ரெசின் ஒரு டப்பா, அதை இறுக்கும் ஹார்ட்னர் ஒரு டப்பா என்று தனித்தனியாக வரும் எபாக்ஸி பெயிண்ட்தான் உங்கள் அறைக்குச் சரி. ஓதம் இருந்தால் அதை நிறுத்தும்வரை எந்தப் பெயிண்டும் வாங்காதீர்கள். ஆக, கடைக்குப் போவதற்கு முன் தரையைச் சோதிக்க வேண்டும். தரை பெயிண்ட் உரிந்தால் எல்லாரும் கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள். உரிந்த துண்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தால், பெயிண்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, அதைத் தாங்க வேண்டிய தரையின் மேல்தோல்தான் கையோடு வந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் எனாமலில் ஒரு துண்டு மிச்சம் இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அடிப்பக்கம் சுத்தமாக வழவழவென்று இருந்தால் கதை வேறு. பெயிண்ட் பிடிக்கவே இல்லை, எண்ணெயோ ஈரமோ நடுவில் இருந்திருக்கிறது.

எனாமல் ஏன் போனது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிமெண்ட் காரத்தன்மை மிகுந்த பொருள். புதுக் கான்கிரீட்டின் பி.ஹெச். 12, 13 வரை இருக்கும். எனாமலின் அடிப்படை எண்ணெய் சேர்ந்த ஆல்கைட் ரெசின். காரமும் ஈரமும் சேர்ந்து அந்த எண்ணெயைத் தாக்கினால் அது சோப்பாக மாறிவிடும். வீட்டில் சோப்பு காய்ச்சுவதும் இதே வினைதான். பெயிண்ட் முதலில் பிசுபிசுக்கும், பிறகு கழன்று வரும். பழைய தரையின் மேற்பரப்பில் காரம் குறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கீழிருந்து ஈரம் ஏறினால் அது காரத்தையும் கூட்டிக்கொண்டே மேலே வரும். கதவு, கிரில், பீரோவுக்கு எனாமல் நல்ல பெயிண்ட். தரைக்கு வேண்டாம்.

ஓதத்தைச் சோதிக்கப் பணம் செலவில்லை. தடிமனான, கண்ணாடி போன்ற பாலிதீன் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, தூசி துடைத்த தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அகல டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி 4263 சோதனை இதுதான். மறுநாள் பிரித்தால் ஷீட்டின் உள்பக்கம் நீர் முத்தாகக் கோத்திருக்கிறதா, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, குளியலறையை ஒட்டிய சுவர் இருந்தால் அங்கே ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் மூன்றும் காய்ந்திருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகும் ஒருமுறை பார்த்தவர்தான் நிம்மதியாக இருக்க முடியும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஒன்று, இரண்டு அடி உயரத்துக்கு உப்பு பூத்து, பெயிண்ட் பொரிந்து கிடந்தால் தரைக்கும் அதே ஈரம்தான் வருகிறது.

நம் ஊர் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் கட்டும் முறையிலேயே இருக்கிறது. பேஸ்மெண்டுக்குள் மண்ணோ கிராவலோ கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, அதன் மேல் ஜல்லிக் கான்கிரீட் போட்டு, மேலே சிமெண்ட் கலவை பூசித் தேய்த்துவிடுவார்கள். கான்கிரீட்டுக்கு அடியில் தடித்த பாலிதீன் ஷீட் விரித்திருந்தால் மண்ணின் ஈரம் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் அதை விரிப்பதில்லை. வெறும் சிமெண்ட் தரையாக இருக்கும்வரை இது நம் கண்ணில் படாது. ஈரம் ஆவியாக மேலே வந்து காற்றோடு போய்விடும். எபாக்ஸி போன்ற ஒரு படலத்தால் மூடியதும் போக்கிடம் இல்லாமல் அடியிலேயே அழுத்தம் சேர்ந்து, காசு அளவில் கொப்புளங்கள் எழும்பும். ஒன்றைக் குத்தினால் உள்ளே தண்ணீர் இருக்கும். இந்த நிலை வந்த தரையை மொத்தமாகச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் ஓதத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேன்.

அடுத்து தூள். உங்கள் தரை ஏன் தூளாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியும். தரை போடும்போது கலவையில் தண்ணீர் அதிகமானால், தேய்க்கத் தேய்க்க சிமெண்ட் பால் மேலே வந்து தங்கும். ஈரத்தைச் சீக்கிரம் இழுக்க மேலே வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் உண்டு. அதன் பிறகு ஒழுங்காகத் தண்ணீர் கட்டி வைக்காமல் இரண்டே நாளில் காயவிட்டால், அந்த மேல்தோல் இறுகாமலே போய்விடும். பார்க்க வழவழப்பாக இருக்கும், கையால் தேய்த்தால் மாவு வரும். இந்தத் தோலின் மேல் உலகத்திலேயே உயர்ந்த பெயிண்டை அடித்தாலும், ஸ்டூல் கால் ஒருமுறை இழுத்ததும் தோலோடு வரும்.

ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் தரையில் நன்றாக அழுத்திக் கோடு போடுங்கள். மெல்லிய வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் மேல்தோலை அரைத்து எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். பள்ளமாகப் பெயர்ந்து மணல் உதிர்ந்தால் கலவையே பலவீனம். அந்தத் தரைக்குப் பெயிண்ட் செலவு வீண், மேல் பூச்சைக் கொத்தி எடுத்துத் திரும்பப் போடுவதுதான் வழி. கூடவே ஒரு சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். டொக்கென்று கெட்டியான சத்தம் வராமல் பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பூச்சு கீழிருந்து விட்டிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து அடைக்க வேண்டும்.

உங்கள் அறையில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது மெஷின் எண்ணெய். பவர் டேபிளுக்கு அடியில் வட்டமாகக் கருத்துக் கிடக்குமே, அந்த இடம். எண்ணெய் சிமெண்டுக்குள் இறங்கியிருக்கும். மேலே துடைத்தால் போனது போலத் தெரியும். ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நல்ல இடத்தில் தண்ணீர் பரவி ஒன்றிரண்டு நிமிஷத்தில் தரைக்குள் இறங்கும், எண்ணெய் குடித்த இடத்தில் முத்தாக உருண்டு நிற்கும். அங்கே முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீஸர் போட்டுக் கட்டை பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீரில் கழுவி, அழுக்குத் தண்ணீரைத் தரையிலேயே காயவிடாமல் உறிஞ்சி எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். அரைப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே அரைத்தால் எண்ணெய் கலந்த தூள் அறை முழுக்கப் பரவிவிடும். எத்தனை முறை கழுவியும் முத்து நிற்கிறது என்றால் அந்த இடத்தை மட்டும் ஓர் அங்குல ஆழத்துக்குக் கொத்திப் புதுக் கலவை போட்டுவிடுங்கள்.

அரைப்பதற்கு எளிய வழி, கை கிரைண்டரில் வைரப் பல் பதித்த கப் வீல் போட்டு, தூசி உறிஞ்சும் மூடியோடு தேய்ப்பது. சிமெண்ட் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு, துணி முகக்கவசம் அதைத் தடுக்காது, என்.95 கட்டாயம் வேண்டும். இன்னொரு வழி, மொசைக் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிடுவது. அவரிடம் முதல் நம்பர் கரடுமுரடுக் கல்லோடு நிறுத்தச் சொல்லுங்கள். பளபளப்பு வரும்வரை அவர் கை நிற்காது, ஆனால் பளபளத்த தரையில் எபாக்ஸி பிடிக்காது. தண்ணீர் விட்டு அரைப்பதால் வரும் சேற்றை அங்கேயே காயவிட்டால் அது புதுசாக ஒரு தூள் தோலாகிவிடும். உடனே கழுவித் தள்ளி, பிறகு ஃபேன் போட்டு நாலைந்து நாளாவது தரையைக் காயவிட வேண்டும். வேலை முடிந்த தரையைக் கையால் தடவினால் உப்புத்தாள் போல நெருடலாக இருக்க வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் இருக்கும் இடத்தில் ஆசிட் வேலை செய்யாது, சரியாகக் கழுவாவிட்டால் உப்பு தரைக்குள்ளேயே தங்கும், அதன் புகை உங்கள் மெஷின் இரும்பையெல்லாம் துருவேற்றும்.

இனி பெயிண்ட். கடையில் தரைக்கென்று உங்கள் முன் வைக்கப்படுவது பெரும்பாலும் மூன்று வகை. ஒற்றை டப்பாவில் வரும் அக்ரிலிக் தரை பெயிண்ட் முதலாவது. வாடை குறைவு, அடிப்பது சுலபம், விலையும் கையைக் கடிக்காது. ஆள் நடமாடும் பூஜை அறை, ஸ்டோர் ரூமுக்கு இது தாராளமாகப் போதும். தேய்ந்தால் மேலே ஒரு கோட் கொடுத்துக்கொள்ளலாம். மெஷின் எண்ணெய் சொட்டும் இடத்துக்கு இது தாங்காது. எபாக்ஸி என்று லேபிளில் எழுதி ஒரே டப்பாவில் விற்பதும் உண்டு. ஹார்ட்னர் தனியாக இல்லை என்றால், கொஞ்சம் எபாக்ஸி சேர்த்த அக்ரிலிக் என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகையான இரண்டு டப்பா எபாக்ஸியில், ரெசினும் ஹார்ட்னரும் கலந்தவுடன் வேதிவினை நடந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரும்ப இளகாத ஒரு படலமாக இறுகும். மெஷின் எண்ணெய், சோப்புத் தண்ணீர், ஸ்டூல் இழுப்பு எல்லாவற்றையும் தாங்குவது இதனால்தான். அதில் தண்ணீர் கலந்தது, கரைப்பான் கலந்தது, இரண்டும் கலக்காதது என்று மூன்று உண்டு. இந்த வித்தியாசத்தை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அறை 240 சதுர அடி, அதாவது சுமார் 22 சதுர மீட்டர். ஒரு லிட்டரைப் பத்து சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 100 மைக்ரான் கனம் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). டப்பாவில் பாதி தண்ணீர் என்றால் காய்ந்ததும் 50 மைக்ரான்தான் மிஞ்சும். ஏறத்தாழ நாலரை லிட்டர் வாங்கி இரண்டு கோட் அடித்தால் 100 மைக்ரான். அதே நாலரை லிட்டர் எதுவும் கலக்காத எபாக்ஸி என்றால் 200 மைக்ரான் முழுசாக நிற்கும். லிட்டர் விலை கூடினாலும் தரையில் தங்குவதைக் கணக்கிட்டால் வித்தியாசம் குறைந்துவிடும். பொருளின் தகவல் தாளில் திடப்பொருள் சதவீதம் கன அளவில் போட்டிருக்கும். கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கேளுங்கள். சிகா, ஃபாஸ்ராக் போன்ற கம்பெனிகள் தங்கள் பொருள்களுக்கு அதை வெளியிடுகின்றன.

நாள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து தைக்கும் அறைக்கு, எதுவும் கலக்காத எபாக்ஸி, ப்ரைமர் எனும் அடிப்பூச்சு ஒரு கோட்டும் மேல் கோட் இரண்டும் என்பது என் தேர்வு. மொத்தம் 200 முதல் 300 மைக்ரான் வந்தால் போதும். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் தானாகச் சமமாகும் எபாக்ஸித் தரை மருந்து கம்பெனிக்கும் கார் சர்வீஸ் ஸ்டேஷனுக்கும் உரியது, உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. மூன்றாவது வகையான பாலியூரித்தேன் மேல் கோட் கீறலை எபாக்ஸியைவிட நன்றாகத் தாங்கும், அதில் அலிபாட்டிக் என்று எழுதிய வகை வெயிலில் மஞ்சளாகாது. ஜன்னல் வழியாக நேர் வெயில் தரையில் விழுகிறது என்றால் அதை யோசிக்கலாம், ஏனென்றால் எபாக்ஸி வெயில் பட்ட இடத்தில் மஞ்சளித்து மங்கும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்கு ஆகாத பொருள், ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் வைத்து அடிக்கக் கூடாது.

நிறம் என்று பார்த்தால், வெளிர் சாம்பல். உடைந்த ஊசியின் முனையைத் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டாமல் அடுத்த பீஸ் ஓட்டக்கூடாது என்று எக்ஸ்போர்ட் ஆர்டரில் கண்டிப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். பச்சையிலும் சிவப்பிலும் அந்தத் துணுக்கு கண்ணுக்கே தெரியாது. டியூப் லைட் வெளிச்சத்தையும் வெளிர் தரை நன்றாகத் திருப்பிக் கொடுக்கும். நிறத்தோடு சேர்ந்த இன்னொரு விஷயம் ஈயம். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கு அந்த விதி இல்லை. அதனால் மலிவாகக் கிடைக்கிறதென்று இண்டஸ்ட்ரியல் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எடுக்கும்போது ஈயம் சேர்க்காதது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி விட்டதும் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடுகிற தரை அது.

அடிக்கிற அன்றைக்குக் கவனிக்க வேண்டியது கலவை. ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றுக்கொன்று இவ்வளவு என்று கம்பெனி சொன்ன அளவு அப்படியே இருக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் தரை காயவே காயாது, பிசினாக நிற்கும். முழு பேக்கைப் பிரித்துக் கலப்பதுதான் பாதுகாப்பு. டிரில் மெஷினில் கலக்கும் கம்பியைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, மூன்று நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு வேறு ஒரு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிஷம் கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருப்பது சரியாகக் கலந்திருக்காது, அதைச் சுரண்டித் தரையில் ஊற்றினால் அந்த இடம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கலந்ததை வாளியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. மொத்தமாக இருக்கும்போது அது தானே சூடேறி அரை மணியில் கல்லாகிவிடும். தரையில் ஊற்றிப் பரப்பினால் சூடு கலைந்து, ரோலர் ஓட்ட நேரம் கிடைக்கும். தண்ணீர் கலந்த வகையை வாங்கினால் ஓர் எச்சரிக்கை: கலந்த பின் அடிக்கக்கூடிய நேரம் முடிந்த பிறகும் அது வாளியில் தண்ணீராகவே இருக்கும், கெட்டியாகாது. நன்றாகத்தானே இருக்கிறது என்று அடித்தால் ஒட்டாது. கடிகாரத்தைப் பார்த்து, நேரம் முடிந்ததும் மிச்சத்தை ஒதுக்கிவிடுங்கள்.

ப்ரைமரைச் சாயங்காலம் அடியுங்கள். காலையில் அடித்தால் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, சிமெண்டின் நுண்துளைகளில் இருக்கும் காற்று விரிந்து, ஈரப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மறுநாள் தரை முழுக்க ஊசித் துளையாக இருக்கும். தரை குளிரத் தொடங்கும் நேரத்தில் அடித்தால் காற்று உள்ளே இழுபடும், ப்ரைமரும் கூடவே இறங்கும். காய்ந்த பின் எங்காவது மினுமினுப்பே இல்லாமல் மங்கலாகத் தெரிந்தால் அங்கே ப்ரைமர் முழுவதையும் தரை குடித்துவிட்டது, அந்த இடத்துக்கு இன்னொரு கோட் ப்ரைமர். மழை பிடித்த நாளில் வேண்டாம். ஈரக்காற்றில் எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படிவு வந்துவிடும், அதன் மேல் அடுத்த கோட் பிடிக்காது. மாசி, பங்குனி தோதான மாதங்கள். கோட்டுகளுக்கு நடுவே ஒரு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகே அடுத்தது. கையில் நைட்ரைல் கையுறை போடுங்கள், ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வந்துவிட்டால் அது வாழ்நாளுக்கும் போகாது.

வாசல் பக்கமும் தண்ணீர் கேன் வைக்கும் மூலையிலும் மட்டும், கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போது சலித்த நைஸ் சிலிக்கா மணலை லேசாகத் தூவுங்கள், ஈரக்காலோடு வந்தால் வழுக்காது. அறை முழுக்கத் தூவ வேண்டாம், பஞ்சும் நூலும் அதில் மாட்டிப் பெருக்க வராது. மறுநாள் நடக்கலாம். மெஷினை ஏழு நாள் கழித்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும், அதுவரை தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. ஆர்டர் இல்லாத வாரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு அடியில் கறுப்பு ரப்பர் வைத்தால் வெளிர் தரையில் பழுப்புக் கறை இறங்கும், நைலான் கட்டை நல்லது. அயர்ன் டேபிளுக்கு அடியில் ஒரு பலகை போட்டுவிடுங்கள். சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும், சூடான பெட்டி விழுந்தால் தழும்பு நிச்சயம். கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னில் ஊற்றும் திரவம் குளோரின் கலந்ததாக இருந்தால் தரையில் சிந்தவிடாதீர்கள், அது பெயிண்டை அரிக்கும்.

ஷீட்டில் தண்ணீர் கோத்திருந்தால் என்ன செய்வது? வெளியே மண் மட்டம் அறைத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா, மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். இவற்றைச் சரி செய்தாலே பல அறைகள் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடும். மண்ணிலிருந்தே வருகிறது என்றால், எபாக்ஸியும் சிமெண்டும் கலந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் பூசும் ஓதத் தடுப்பு ஒன்று உண்டு, அதன் மேல் பெயிண்ட் அடிக்கலாம். செலவு டைல்ஸ் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது லித்தியம் சிலிகேட் திரவம். எண்ணெய் எடுத்து அரைத்த தரையில் தெளித்தால் சிமெண்டில் மிச்சமிருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து தரையையே இறுக்கும். மேலே படலம் எதுவும் இல்லாததால் உரிந்து வர ஒன்றும் இல்லை, ஈரமும் தன் வழியில் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். நிறம் வராது, எண்ணெய்க் கறையும் பிடிக்கும், மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டியிருக்கும். ஆனால் நீங்கள் முதலில் சொன்ன தொல்லை, பீஸில் தூள் படிவது, பெரும்பாலும் நின்றுவிடும்.